பேசாத நோயாளியும் நரம்புப் பரிசோதனையும்

நமக்கு உடல் நலமில்லையென்றால் மருத்துவரிடம் செல்கிறோம். "எங்கே வலிக்கிறது? எப்போது தொடங்கியது? கால் மரத்துப்போகிறதா? தலை சுற்றுகிறதா?" என்று அவர் கேட்கிறார். நாமும் சொல்லுகிறோம். நாம் சொல்லும் பதிலிலேயே பாதி நோய் அவருக்குப் புலப்பட்டு விடுகிறது. ஆனால் திண்ணையில் படுத்திருக்கும் நாயும், கொட்டிலில் கட்டியிருக்கும் பசுவும், அடுப்படியில் சுருண்டு கிடக்கும் பூனையும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லுமா? அதிலும் நரம்பு நோயென்றால் துன்பம் இரட்டிப்பு. புண்ணைக் கண்ணால் காணலாம். காய்ச்சலை வெப்பமானியால் அளக்கலாம். மரத்துப்போன கால், மயங்கும் தலை, இரண்டாகத் தெரியும் பார்வை ஆகியவற்றை நோயாளி சொன்னாலன்றிப் பிறர் எங்ஙனம் அறிவது?

அறிய முடியும் என்பதே கால்நடை மருத்துவம் தரும் விடை. ஒரு சிறு சுத்தியல், ஒரு டார்ச் விளக்கு, ஓர் இடுக்கி, பொறுமையுள்ள இரண்டு கைகள் ஆகிய இவற்றைக் கொண்டே மருத்துவர் அந்த வாயில்லா ஜீவனிடம் வரிசையாகக் கேள்விகள் கேட்கிறார். அதன் கண்ணும் காலும் தோலும் பதில் சொல்லுகின்றன. இதற்கு நரம்புப் பரிசோதனை என்று பெயர். அது எவ்வாறு செய்யப்படுகிறது, அதனால் ஓர் உயிர் எப்படிக் காக்கப்படுகிறது என்பதைச் சற்றே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் 'எங்கே', பிறகு 'என்ன'

மூளை, தண்டுவடம், நரம்புகள் என்னும் மூன்றும் சேர்ந்ததே நரம்பு மண்டலம் என்று உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். மண்டையோட்டுக்குள் பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு ஆகியவை இருக்கின்றன. அங்கிருந்து முதுகெலும்புத் தொடரின் உட்குழாய் வழியாகத் தண்டுவடம் வால் பக்கம் இறங்குகிறது. அதன் இருபுறமும் நரம்புகள் கிளைத்து உடலெங்கும் பரவுகின்றன. உணர்வுச் செய்தி மேலே ஏறுகிறது. இயக்கக் கட்டளை கீழே இறங்குகிறது. நமக்கும் நாய்க்கும் மாட்டுக்கும் இந்த அமைப்பு அடிப்படையில் ஒன்றேதான்.

ஒரு வீட்டில் பின்னறை விளக்கு எரியவில்லை எனக் கொள்வோம். வயர்மேன் வந்தவுடன் சுவரை இடிப்பதில்லை. மற்ற அறைகளில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். எரிந்தால் மெயின் சரியாக இருக்கிறது. பின்பு சுவிட்சில் டெஸ்டரை வைத்துப் பார்க்கிறார். இப்படிப் படிப்படியாக, கம்பி எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடிக்கிறார். எலி கடித்ததா, மழைநீர் இறங்கியதா என்னும் ஆராய்ச்சி அதற்கு அப்புறந்தான்.

நரம்புப் பரிசோதனையின் தலையாய விதியும் இதுவே. பழுது எங்கே என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பழுது என்ன என்பதைப் பிறகு ஆராய வேண்டும். வரிசையை மாற்றினால் மூளையில் நோய் இருக்க முதுகைப் படமெடுத்துப் பணத்தையும் காலத்தையும் வீணாக்க நேரிடும். மனிதர்களுக்குச் செய்யும் இப்பரிசோதனையை விலங்குகளுக்கு ஏற்ப ஒழுங்குபடுத்திய நூல்கள் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வெளிவந்தன. அமெரிக்காவில் ஜான் மெக்ராத் 1956இல் நாயின் நரம்புப் பரிசோதனையைப் பற்றித் தனி நூல் எழுதினார். அலெக்சாண்டர் டிலஹண்டா 1977இல் வெளியிட்ட கால்நடை நரம்பியல் நூல் இத்துறை மாணவர்களுக்குப் பாடநூலாகவே விளங்கி வருகிறது.

தொடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை

நரம்புக் கோளாறுள்ள எந்த விலங்கையும் தொடுமுன் மருத்துவர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் முதற் கேள்வி, "இது வெறிநோயாக இருக்கக் கூடுமா?" என்பதாகும். வெறிநாய் என்றால் ஓடி ஓடிக் கடிப்பதுதான் என்று பலர் எண்ணுகின்றனர். அது ஒரு வகையே. மற்றொரு வகையில் நாய் சாந்தமாக மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரல் மாறும், விழுங்க முடியாமல் திணறும். "பாவம், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது" என்று எண்ணி வாய்க்குள் கையை விடுகிறவர்கள் உண்டு. மாட்டுக்கும் இந்நோய் வரும். எச்சில் வடித்து ஓயாமல் கதறும் மாட்டின் வாய்க்குள் கையை விடுவதும் அதே ஆபத்து. இந்நோயின் கிருமி எச்சிலில் இருக்கிறது. நோய்க்குறிகள் தோன்றிய பின் அது ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறித்தே தீரும்.

ஆதலால் மருத்துவர் முதலில் விசாரிக்கிறார்: தடுப்பூசி போட்டிருக்கிறதா? வேறு நாய் கடித்ததா? குணத்தில் மாற்றம் உண்டா? ஐயம் எழுந்தால் கையுறையின்றித் தொடுவதில்லை. மாணவிகளாகிய நீங்களும் இதனை மனத்தில் இருத்த வேண்டும். நாயோ பூனையோ கடித்தால், நகத்தால் பிறாண்டினால், அல்லது அதன் எச்சில் புண்ணில் பட்டால், அந்த இடத்தை உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பின்பு அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் திட்டுவார்களே என்று மறைப்பது பேராபத்து.

கண்ணால் செய்யும் பரிசோதனை

இனி, ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். மணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். முறையாகத் தடுப்பூசி போடப்பட்ட வீட்டு நாய். நேற்று மாலை வரை ஓடியாடியது. இன்று காலை பின்னங்கால்கள் இரண்டையும் தரையில் இழுத்துக்கொண்டு வருகிறது. வீட்டார் பதறிப்போய்த் தூக்கி வருகிறார்கள்.

மருத்துவர் உடனே கையை வைப்பதில்லை. சிறிது நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். மணி விழிப்பாக இருக்கிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா? ஆம் என்றால் மூளை பெரும்பாலும் நலமே. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? அவ்வாறாயின் உட்செவியையோ அதனோடு தொடர்புள்ள மூளைப்பகுதியையோ ஐயுற வேண்டும். ஒரே பக்கமாக வட்டமிட்டுச் சுற்றுகிறதா? பெருமூளையின் ஒரு பக்கத்தில் கட்டியோ கொப்புளமோ இருந்தால், விலங்கு பெரும்பாலும் அந்தப் பக்கமாகவே சுற்றும். நாடாப்புழுவின் கொப்புளம் மூளையில் வளர்ந்த ஆடு சுற்றிச் சுற்றி வருவது இதனாலேயே. கால்களை அளவுக்கு மீறித் தூக்கி வைத்து, தீனித் தட்டருகே தலை நடுங்க நிற்குமாயின் சிறுமூளையை நினைக்க வேண்டும்.

பிறகு நடக்க விட்டுப் பார்க்கிறார். வழுவழுப்பான தரையில் நல்ல நாயும் சறுக்கும். எனவே மண்தரையிலோ விரிப்பின் மீதோ நடக்க விடுவதே முறை. மணியின் முன்னங்கால்கள் ஒழுங்காக நடக்கின்றன. பின்னங்கால்கள் மட்டுமே துவள்கின்றன. இந்த ஒரு காட்சியிலேயே பாதி வழி கடந்துவிட்டோம். முன்னங்கால்களுக்குச் செல்லும் கம்பிகள் நன்றாயிருக்கின்றன. ஆகவே மூளையிலும் கழுத்திலும் பழுதில்லை. பழுது முன்னங்கால்களுக்குப் பின்னே, முதுகிலோ இடுப்பிலோ இருக்க வேண்டும்.

விழுந்து கிடப்பதெல்லாம் நரம்பு நோயல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நன்றாகப் பால் கறக்கும் பசு கன்று ஈன்ற ஓரிரு நாளில் எழ முடியாமல் படுத்து, கழுத்தை ஒரு பக்கமாக வளைத்து விலாவின் மேல் வைத்துக்கொள்ளும். காதுகள் சில்லிட்டிருக்கும். முதுகு ஒடிந்துவிட்டது என்றே வீட்டார் அஞ்சுவார்கள். ஆனால் அது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சலே தவிர உடம்பு குளிர்ந்தே இருக்கும். திடீரெனச் சுரக்கும் பாலில் சுண்ணாம்புச் சத்து வெளியேறி இரத்தத்தில் அதன் அளவு குறைந்துவிடுவதே காரணம். மருத்துவர் கால்சியம் மருந்தை மெதுவாக இரத்த நாளத்தில் ஏற்றினால், பல பசுக்கள் சில மணி நேரத்துக்குள் எழுந்து நின்று கன்றைத் தேடும். முறையாகப் பாராமல் கைவிட்டிருந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே போயிருக்கும் அன்றோ?

கால் எங்கே இருக்கிறது?

கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது, கால் எப்படி மடங்கியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் மூளைக்கு ஓயாமல் செய்தி போய்க்கொண்டிருப்பதே காரணம். நாய்க்கு இந்த உணர்வு இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?

மிக எளிது. நாயை நிற்க வைத்து, வயிற்றடியில் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் ஒரு பாதத்தைப் புரட்டி அதன் மேற்பக்கம் தரையில் படும்படி வைக்க வேண்டும். நலமுள்ள நாய் கண நேரத்தில் பாதத்தைத் திருப்பிச் சரியாக ஊன்றிக்கொள்ளும். செய்தி மூளைக்கு எட்டாத நாய் புரண்ட பாதத்தோடு அப்படியே நிற்கும். மணியின் முன்பாதங்கள் உடனே திரும்பின. பின்பாதங்கள் புரண்டபடியே கிடந்தன. நடையில் குறையே தெரியாத நாயிடத்திலும் இச்சோதனை தொடக்க நிலை நோயைக் காட்டிக் கொடுக்கும். அடுத்து, மூன்று கால்களைத் தூக்கி ஒரு காலில் மட்டும் நொண்ட வைத்தும் பார்ப்பதுண்டு.

குதிரையையும் மாட்டையும் தூக்கி நொண்ட வைக்க இயலாது. ஆகவே மருத்துவர் வேறு வழியைக் கையாள்கிறார். குதிரை நடந்து செல்கையில் அதன் வாலைப் பிடித்து ஒரு பக்கமாக இழுக்கிறார். வலுவுள்ள குதிரை இழுப்பை எதிர்த்து நேரே நடக்கும். தண்டுவட நோயுள்ள குதிரை இழுத்த பக்கம் தடுமாறும். சிறு வட்டத்தில் திருப்புவதும், மேட்டில் ஏற்றி இறக்குவதும், பின்னோக்கி நடத்துவதும் இவ்வகைக் கேள்விகளே.

முகத்தில் பன்னிரண்டு கேள்விகள்

மூளையிலிருந்து நேரே கிளம்பும் நரம்புகள் பன்னிரண்டு இணைகள். பழுது முதுகில்தான் என்று தோன்றினாலும், இவற்றைச் சோதிக்காமல் விடுவது கூடாது. கையைக் கண்ணருகே விரைவாகக் கொண்டுபோனால் நாய் இமைக்கிறதா என்று பார்க்கிறார் மருத்துவர். காற்று படாமலும் மீசை மயிர் தீண்டாமலும் இதைச் செய்ய வேண்டும். இல்லையேல் குருட்டு நாயும் இமைக்கும். இது கற்றுக்கொள்ளும் செயலாதலால், பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகாத நாய்க்குட்டி இமைக்காவிட்டால் அதைக் குருடு என்று சொல்லிவிடக் கூடாது. டார்ச் விளக்கைக் கண்ணில் காட்டினால் கண்மணி சுருங்க வேண்டும். ஒரு கண்ணில் காட்டினால் மறு கண்ணிலும் சுருங்க வேண்டும். இமையோரத்தைத் தொட்டால் மூட வேண்டும். தாடையைத் திறந்தால் எதிர்ப்பு இருக்க வேண்டும். மூக்கை நனைத்தால் நாக்கு நீண்டு நக்க வேண்டும். ஒவ்வொரு செயலும் ஒரு நரம்பின் சாட்சியம்.

இச்சோதனை எத்தனை முக்கியமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வயதான நாய் ஒன்று திடீரெனத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்மணிகள் பக்கவாட்டில் அசைந்தாட, நிற்க முடியாமல் உருளும், வாந்தியும் எடுக்கும். பக்கவாதம் வந்துவிட்டது, இனிப் பிழைக்காது என்று எண்ணி, "ஊசி போட்டு முடித்துவிடுங்கள்" என்று வீட்டார் கண்ணீருடன் கேட்பார்கள். மருத்துவர் பாதத்தைப் புரட்டி வைத்துப் பார்க்கிறார், உடனே திருப்பிக்கொள்கிறது. விழிப்பு குன்றவில்லை, மற்ற முக நரம்புகளும் சரியாக இருக்கின்றன. அப்படியானால் பழுது மூளையில் அன்று, உட்செவியின் சமநிலை உறுப்பிலோ அதன் நரம்பிலோ இருக்கவே வாய்ப்பு மிகுதி. முதிய நாய்களுக்கு வரும் இந்தத் தலைசுற்றல் நோய் பெரும்பாலும் சில நாட்களில் தணியத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் தானே தெளிந்துவிடும். தலை மட்டும் சற்றே சாய்ந்திருக்கலாம். சில நிமிடச் சோதனை ஓர் உயிரை மீட்டுவிட்டது.

சுத்தியல் சொல்லும் செய்தி

அடுத்து, மணியை ஒரு பக்கமாகப் படுக்க வைத்து, முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள நாணைச் சிறு சுத்தியலால் இலேசாகத் தட்டுகிறார். கால் வெடுக்கென்று நீள்கிறது. இந்த அனிச்சைச் செயலை மனிதரிடத்தில் ஜெர்மானிய மருத்துவர்கள் எர்ப், வெஸ்ட்ஃபால் இருவரும் தனித்தனியே ஆராய்ந்து 1875இல் வெளியிட்டனர். அனிச்சைச் செயல்களின் உட்பொருளை விளக்கியவர் ஆங்கில நாட்டு அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். அவருக்கும் எட்கர் ஏட்ரியனுக்கும் 1932இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அனிச்சைச் செயலுக்கு மூளையின் உதவி தேவையில்லை. தட்டிய செய்தி தண்டுவடத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குச் சென்று, அங்கிருந்தே தசைக்குக் கட்டளையாகத் திரும்பிவிடுகிறது. ஆகவே அந்த இடமே கெட்டிருந்தால், கால் துவண்டு, தட்டினாலும் அசையாது. அந்த இடம் நலமாயிருந்து, அதற்கு மேலே மூளையோடு உள்ள தொடர்பு மட்டும் அறுந்திருந்தால், கால் தன் விருப்பப்படி அசையாது. ஆனால் தட்டினால் துள்ளும். சில வேளைகளில் வழக்கத்தைவிட அதிகமாகவே துள்ளும். ஆசிரியை வெளியே சென்ற வகுப்பில் சத்தம் கூடுவதைப் போல, மூளையின் அடக்குமுறை எட்டாத தண்டுவடம் சற்று மிகைப்பட நடந்துகொள்கிறது.

நாய்க்குக் கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. பின்னங்கால்களின் அனிச்சைச் செயலுக்குரிய தண்டுவடப் பகுதி இடுப்பின் பின்பாதியைச் சேர்ந்தது. மணியின் கால் தட்டியவுடன் நன்றாகத் துள்ளியதால், அப்பகுதி நலமே. முன்னங்கால்களும் நலம். எனவே இரண்டுக்கும் இடையில், மார்பின் முற்பகுதிக்கும் இடுப்பின் முன்பாதிக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் பழுது இருக்கிறது.

இன்னும் நெருங்கிச் செல்லலாம். ஈ உட்கார்ந்தால் மாடு தோலைச் சிலிர்த்து விரட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாயின் முதுகுத் தோலை இடுப்பிலிருந்து தொடங்கி முன்னோக்கிச் சிறிது சிறிதாக இடுக்கியால் கிள்ளிக்கொண்டே போனால், ஓரிடம் வரை தோல் சும்மா இருக்கும். அதைத் தாண்டியதும் சிலிர்க்கும். பழுது அந்த எல்லைக்குச் சற்று முன்னே, தலைப்பக்கமாக இருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு விரலால் முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாக அழுத்தும்போது மணி ஓரிடத்தில் முனகுகிறது. விரலும் தோலும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன.

கடைசிக் கேள்வி

வலி தரும் சோதனையை மருத்துவர் கடைசியாகவே வைத்துக்கொள்கிறார். முதலிலேயே வலி கொடுத்தால் அதற்குப் பிறகு விலங்கு அவரை நம்பாது. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இதுவே.

மணியின் பின்னங்கால் விரலிடையைக் கிள்ளுகிறார். கால் வெடுக்கென்று மடங்குகிறது. "உணர்வு இருக்கிறது, உணர்வு இருக்கிறது!" என்று வீட்டார் மகிழ்ச்சி அடைகிறார்கள். மருத்துவர் மகிழவில்லை. ஏன்? காலை இழுத்துக்கொள்வதும் ஓர் அனிச்சைச் செயலே. தண்டுவடம் மேலே முற்றிலும் அறுந்த நாயும் காலை இழுத்துக்கொள்ளும். ஆனால் அது வலியை அறியாது. வலியை அறிவது கால் அல்ல, மூளை. எனவே மருத்துவர் காலைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார். இடுக்கியால் விரலெலும்பை அழுத்தும்போது மணி திரும்பிப் பார்க்கிறதா? கத்துகிறதா? கடிக்க வருகிறதா? இவற்றில் ஒன்று நிகழ்ந்தாலும் போதும். செய்தி தண்டுவடத்தின் வழியே மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த முனகல் அன்றைக்குக் கேட்கக் கிடைக்கும் மிக நல்ல ஒலி.

நாய்களுக்கு முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டு நலிந்து, பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவது பின்னங்கால் வாதத்துக்கு ஒரு முக்கிய காரணம். நீண்ட உடலும் குட்டைக் காலும் கொண்ட டேக்ஸ்ஹண்ட் இன நாய்களுக்கு இது மிகுதி. ஸ்வீடன் நாட்டு ஹான்சன் 1952இல் இதனை விரிவாக ஆராய்ந்து இரு வகைகளாகப் பிரித்தார். இந்நோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற நாய்களில், ஆழ்ந்த வலியுணர்வு எஞ்சியிருந்தவற்றுள் பெரும்பாலானவை மீண்டும் நடக்கின்றன. அவ்வுணர்வை இழந்துவிட்டவற்றுள் ஏறத்தாழ பாதியே நடக்கின்றன. வாகனம் மோதி முதுகெலும்பு முறிந்து, உணர்வும் அற்றுப்போனால் நம்பிக்கை மிகக் குறைவு. ஆகவே எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. முதலிய படங்களுக்கு முன்பே, ஓர் இடுக்கியும் கூர்ந்த பார்வையும் நாயின் எதிர்காலத்தைப் பெருமளவு சொல்லிவிடுகின்றன. பழுது எங்கே என்று தெரிந்த பிறகே எந்த இடத்தைப் படமெடுப்பது என்பதும் தெரியும்.

இரு வகையிலும் உண்மையைச் சொல்லுவது மருத்துவரின் கடமை. உணர்வில்லாதபோது இருப்பதாகச் சொல்லி வீண் ஆசை காட்டலாகாது. உணர்வு இருக்கும்போது, கால் இழுத்துப்போயிற்றே என்பதற்காக உயிரை முடித்துவிடவும் கூடாது. நம் தெருக்களில் பின்னங்கால்களை இழுத்துத் திரியும் நாய்களுள் எத்தனையோ இக்கடைசிக் கேள்வி கேட்கப்படாமலேயே கைவிடப்பட்டவை.

நாம் செய்யத் தக்கவை

வீட்டு விலங்கு திடீரெனக் கால் விழுந்துவிட்டால் அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். முதுகு வளையாதபடி ஒரு பலகையின் மேலோ கனத்த அட்டையின் மேலோ மெல்ல நகர்த்திப் படுக்க வைத்துத் தூக்கிச் செல்லுங்கள். வலியால் அன்புள்ள நாயும் கடிக்கும். ஆகவே முகத்தருகே குனியாதீர்கள். எண்ணெய் தேய்த்து முதுகை உருவிவிட வேண்டாம். நாம் விழுங்கும் வலி மாத்திரைகளைக் கொடுக்கவே வேண்டாம். பூனைக்குப் பாரசிட்டமால் நஞ்சாகும். நோய் எப்போது தொடங்கியது, வரவரக் கூடுகிறதா குறைகிறதா, சிறுநீர் கழித்ததா என்பனவற்றை ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். பேச இயலாத நோயாளிக்கு நீங்களே வாய். வலிப்பு வந்தால் வாய்க்குள் எதையும் திணிக்காமல், சுற்றியுள்ள பொருள்களை நகர்த்திவிட்டு, எவ்வளவு நேரம் நீடித்தது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

சிகிச்சைக்குப் பின்னும் வீட்டாரின் உழைப்பே பெரிது. நடக்க முடியாத நாய் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாமற் போகலாம். மருத்துவர் கற்றுத்தந்தபடி நாள்தோறும் சில முறை வயிற்றை அழுத்தி வெளியேற்ற வேண்டும். படுக்கைப் புண் வராமல் சில மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

கால்நடை மருத்துவம் வலுத்த கையுடைய ஆண்களுக்கே உரியது என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். அயர்லாந்தில் பிறந்த ஏலின் கஸ்ட் என்னும் பெண்மணி, பயிற்சி பெற்றிருந்தும், பெண் என்ற ஒரே காரணத்தால் 1897இல் தேர்வெழுத அனுமதிக்கப்படவில்லை. அவர் மனந்தளராமல் கிராமத்து ஆடுமாடுகளுக்கும் குதிரைகளுக்கும் மருத்துவம் செய்துகொண்டே காத்திருந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1922இல், பிரிட்டனின் கால்நடை மருத்துவக் கழகம் அவருக்குப் பட்டயம் வழங்கியது. நரம்புப் பரிசோதனைக்கு வேண்டியது முரட்டு பலமன்று என்பதை மேலே கண்டோம். கூர்ந்த பார்வையும், மென்மையான கையும், வரிசை தவறாத சிந்தனையுமே வேண்டும். உங்களுள் சிலர் இத்துறையைத் தேர்ந்துகொண்டால் நாட்டுக்கும் நல்லது, நாட்டின் கால்நடைகளுக்கும் நல்லது.

ஜனவரி 17ஆம் நாள் வனத்து அந்தோணியார் திருநாளன்று, ஆடுமாடுகளைக் குளிப்பாட்டிக் கோவிலுக்கு ஓட்டி வந்து மந்திரித்துச் செல்லும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. இறைவனின் படைப்பில் அவையும் பங்குள்ளவை என்பதை அவ்வழக்கம் நமக்கு நினைவூட்டுகிறது. அந்த நம்பிக்கையைச் செயலில் காட்டும் வழிகளுள் ஒன்று, நோயுற்ற ஜீவனைப் பற்றி அவசரத் தீர்ப்புச் சொல்லாதிருப்பது. எங்கே துன்பம் என்று பொறுமையாகக் கேட்போம். பதில் வரும் வரை முகத்தைப் பார்ப்போம். அதன் பிறகே முடிவு செய்வோம்.